ஏழு மிளகாய் நாள்

ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாயே, நீ நன்றாக இருக்க வேண்டும். சும்மா காற்றுக்காகக் கேட்கவில்லையம்மா. ரங்கமலை தாண்டியதும் இடது கைப்பக்கம் ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அங்கேயே இறங்குவதா, இப்படியே கரூருக்குப் போய்விடுவதா என்று முடிவு செய்யப்போகிறேன். டிக்கெட்டைக் கரூருக்கே எடுத்துவிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

அந்த முன்சீட்டுக்காரர் முடியை எப்படி வெட்டியிருக்கிறார் பார். பின்கழுத்தில் ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்களா? கண்டக்டர் விசில் ஊதுவதைக் கேட்டாயா? அது விசில் இல்லை, வம்பு. இன்றைக்குக் காலையிலிருந்தே திண்டுக்கல் சரியில்லை. சரி, விடு.

பஸ் ஸ்டாண்டில் நீ போனில் பேசினதைக் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை. நீ பேசினது நாகல்நகர் வரைக்கும் கேட்டிருக்கும். "நீங்க ஒண்ணும் பேச வேணாம்" என்றாய். அடுத்த மூச்சில் "ஏன் இப்படிப் பேசாம இருக்கீங்க" என்றாய். வீட்டுக்காரர்தானே? நினைத்தேன். என் கதையைக் கேள், உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

என் பெயர் மரகதம். ரங்கமலைக்கு அந்தப் பக்கம் மெயின் ரோட்டோரத்தில் எங்களுக்கு ஓர் இட்லிக் கடை இருக்கிறது. எங்களுக்கு என்றால் எனக்கும் என் வீட்டுக்காரர் பொன்னுரங்கத்துக்கும். நான் உள்ளே அடுப்பில், அவர் வெளியே பரிமாறுகிற இடத்தில். வருகிறவர்கள் எல்லாம் லாரிக்காரர்கள். பதினெட்டு வருசமாக நடக்கிற கடை.

விசயம் என்னவென்றால், மாதாமாதம் அவருக்கு ஒரு கோளாறு வரும்.

சிரிக்காதே. அவருக்குத்தான். நான் கூடவே இருந்து பார்த்துச் சொல்கிறேன். மாதத்தில் பாதிக்கு மேல் ஆள் தங்கம். நான் தலைக்குக் குளிக்கிற நாளுக்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஆரம்பிக்கும். முறுக்கைக் கடித்தால் கல் குவாரியில் ஜல்லி உடைக்கிற மாதிரி கேட்கும். மற்ற நாளில் அதே முறுக்கு, அதே பல், சத்தமே வராது. செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார். டீயை உறிஞ்சுவார். "உறிஞ்சாம ஒரு டீயக் குடிக்க முடியாதா?" என்று கேட்டால் "முடியும்" என்பார். எப்படிப்பட்ட பதில் பார். மனுசி மேற்கொண்டு எதைப் பிடித்துக்கொண்டு பேசுவது?

அவரோடு நின்றால் பரவாயில்லை. அந்தச் சமயத்தில் ஊருக்கே அது வந்துவிடும். ஆவி பறக்கிற இட்லியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே "சூடா இருக்கா" என்று ஒருத்தன் கேட்பான். சிலிண்டர் கொண்டுவருகிறவன் சிலிண்டரை வைக்க மாட்டான், போடுவான். உயிரில்லாத பொருள்கூட அப்படித்தான். என் ரவிக்கைகள் அந்த நாலைந்து நாள் சுருங்கிவிடும். மோதிரம் சுருங்கிவிடும். நல்ல பவுன் மோதிரம், தண்ணீரில் போட்டால் சுருங்குகிற சாமானா அது, நீயே சொல். ஒரு தடவை லாரியில் ஒரு கன்றுக்குட்டி போனது. நின்றுகொண்டு, வேடிக்கை பார்த்துக்கொண்டு, சுகமாகத்தான் போனது. நான் மத்தியானம் வரை அழுதேன். அது என்னை ஏன் அப்படிப் பார்க்க வேண்டும்?

இந்த மாதிரி நேரத்தில் ஒரு புருசன் என்ன செய்ய வேண்டும்? ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிப் பேச வேண்டும். சண்டை என்று ஒன்று நடந்தால்தானே அது முடியும். இவர் என்ன செய்வார் தெரியுமா? வாயே திறக்க மாட்டார். நான் எழுவதற்கு முன்னாலேயே எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்திருப்பார். அம்மிக்குப் பக்கத்தில் நான் உட்கார முக்காலி போட்டிருக்கும். மாவுச் சட்டியை நான் தூக்கப்போவதற்குள் அவர் தூக்கியிருப்பார். ஒரு டீயைக் கொண்டுவந்து அம்மி ஓரத்தில் வைத்துவிட்டு, அணுகுண்டு வெடிக்குத் திரி கொளுத்தினவர் மாதிரி ஓடிவிடுவார். கூப்பிட்டால் வாசலில் நின்றுகொண்டே "என்ன மரகதம்" என்பார். இப்படி ஒரு கல்நெஞ்சக்காரரோடு பதினெட்டு வருசம்.

இப்போது சட்னிக்கு வருகிறேன். தேங்காய்ச் சட்னியை மிக்சியில் அடித்துவிடுவேன். காரச் சட்னி மட்டும் அம்மியில்தான். மிளகாய், வெங்காயம், புளி, கல்லுப்பு, பூண்டு. அளவெல்லாம் கிடையாது, ஒரு கைப்பிடி மிளகாய். என் கைப்பிடி எப்போதும் ஒரே கைப்பிடிதான். கை என்ன ஒரு நாள் பெரிதாகி ஒரு நாள் சிறிதாகுமா? ஆனால் சில நாள் சாப்பிடுகிறவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும், காது சிவக்கும், தண்ணீர்க் குடத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். சில நாள் "சட்னி சாந்தமா இருக்குங்க" என்பார்கள். மனுசர் நாக்கு அப்படி. ஒரு நாள் போல் ஒரு நாள் இருக்காது என்று விட்டுவிடுவேன்.

அப்புறம் வாசலில் தொங்குகிற எலுமிச்சம்பழம். கண் திருஷ்டிக்கு ஓர் எலுமிச்சம்பழமும் நாலு பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிடுவோம் இல்லையா, எல்லாக் கடையிலும் வெள்ளிக்கிழமைக்கு ஒரு தடவைதான் மாற்றுவார்கள். என் வீட்டுக்காரர் தினமும் மாற்றுவார். காலையில் நான் சட்னியை வழித்ததும் வந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி அப்படியே நிற்பார். பிறகு போய் எலுமிச்சம்பழம் கட்டுவார். ஒரு நாள் மூன்று மிளகாய், ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் ஏழு. பஞ்சாங்கம் பார்த்துக் கட்டுகிறார் என்று நினைத்தேன். ஏழு கட்டின நாளில் கூட்டம் தாங்காது. "பக்தின்னா உங்க மாமா பக்திதான்" என்று என் தங்கை கோகிலாவிடம் பெருமையடித்திருக்கிறேன்.

கோகிலா திண்டுக்கல்லில் இருக்கிறாள். அவள் வீட்டிலிருந்துதான் இப்போது வருகிறேன். அவள்தான் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள், இது நடந்து நாலு மாசம் இருக்கும். ஒரு நாள் போனில் "சாப்டியாக்கா" என்று கேட்டாள். அவள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் பேசவில்லை. பிறகு நானே கூப்பிட்டு அழுதேன். "இது ஒவ்வொரு மாசமும் நடக்குதுக்கா, கவனிச்சியா?" என்றாள். கவனிக்காமல் என்ன, எல்லோரையும் நான்தானே கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த டாக்டரம்மா தங்கமானவர். "அந்த நாள்ல உங்களுக்கு என்னம்மா தோணும்?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் என்ன ஆச்சுன்னு தோணும்" என்றேன்.

"எல்லாருக்கும்னா?"

"எல்லாருக்கும்தான் டாக்டர். பஸ்ல பக்கத்துல உக்காந்தவனுக்குக்கூட."

அவர் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "பீரியட்ஸ் வர்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னால நிறையப் பேருக்கு இப்படி இருக்கும்மா. எரிச்சல் வரும், அழுகை வரும், உடம்பு ஊதின மாதிரி இருக்கும், தூக்கம் கெடும். இது உங்க குணக்கேடு இல்ல. உடம்புக்குள்ள நடக்கிற மாற்றம்." காப்பியைக் குறைக்கச் சொன்னார், உப்பைக் குறைக்கச் சொன்னார், காலையில் கொஞ்சம் நடக்கச் சொன்னார், நேரத்தோடு தூங்கச் சொன்னார், மாத்திரையும் எழுதித் தந்தார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. என் குணத்தில் கேடு இல்லை என்று படித்த டாக்டரே சொல்லிவிட்டார். அப்படியென்றால் யார் குணத்தில் என்று அவர் சொல்லவில்லை, மரியாதை தெரிந்தவர். எனக்குப் புரிந்தது.

ஆனால் அந்த மாத்திரை இருக்கிறதே, அதிசயமான மாத்திரை. நான் சாப்பிட்டேன், அவருக்குக் குணமாகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன். அடுத்த மாதம் அவர் முறுக்குத் தின்றார், சத்தம் கேட்கவில்லை. செருப்பு தேயவில்லை. சிலிண்டர்க்காரன் குழந்தையைப் படுக்க வைப்பது மாதிரி சிலிண்டரை வைத்துவிட்டுப் போனான். மோதிரம் தானாகப் பெரிதாகிவிட்டது. ஒருத்தி மாத்திரை சாப்பிட்டு ஓர் ஊரே தெளிவது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. கோகிலாவிடம் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டு எங்கேயோ போய்ச் சிரித்துவிட்டு வந்து மறுபடி எடுத்தாள்.

இரண்டு மாதம் சொர்க்கம். வியாபாரம்தான் படுத்துவிட்டது. லாரிகள் வரும், வேகத்தைக் குறைக்கும், வாசலைப் பார்க்கும், போய்விடும். திருஷ்டி விழுந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. இவர் என்னடா என்றால் தினமும் மூன்றே மூன்று மிளகாய் கட்டிக்கொண்டிருந்தார். "என்னங்க இது, மனசே இல்லாம கட்டுறீங்க. கூட நாலு மிளகாயக் கோத்தா கையி தேஞ்சுருமா?" என்று கேட்டேன். திருதிருவென்று விழித்தார். "இன்னைக்கு மூணுதான் வரும் மரகதம்" என்றார். சாமி விசயத்தில் கஞ்சத்தனம் செய்கிறவரை என்ன சொல்வது.

அதனால் நானே கட்டினேன். அவர் அரவக்குறிச்சி சந்தைக்குக் காய்கறி வாங்கப் போன நேரம். கூடை மிளகாயைக் கொட்டிக்கொண்டு, ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்யாண வீட்டு வாசலுக்கு மாவிலைத் தோரணம் கட்டுவார்களே, அப்படி நிலைப்படியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மிளகாய்த் தோரணம். நடுநடுவே எலுமிச்சம்பழம். தூரத்தில் நின்று பார்த்தேன். எனக்கே கண் பட்டுவிடும் போல் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி போனது. போன லாரி அதே வேகத்தில் பின்னால் வந்தது. டிரைவர் இறங்காமல் தோரணத்தைப் பார்த்தான், போனை எடுத்துப் படம் பிடித்தான், யாருக்கோ பேசினான். அப்புறம் பார்க்க வேண்டுமே. ஒன்றன் பின் ஒன்றாக வந்து பக்கத்துப் பஞ்சர் கடை வரைக்கும் லாரி. எங்கள் பழைய வாடிக்கை காளியண்ணன் வந்தார். நாமக்கல்காரர், பெரிய மீசை, வயதானவர். தோளில் ஈரத் துண்டு, கையில் மோர்ப் பாக்கெட். பரீட்சை எழுத வந்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்தார்கள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. திருஷ்டி கழிந்தது பார் என்று ஓடி ஓடிப் பரிமாறினேன்.

காளியண்ணன் இட்லியைப் பிய்த்தார், காரச் சட்னியில் தோய்த்தார், கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டார். காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்து சட்னியைப் பார்த்தார், வெளியே தோரணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மிணி, உங்களுக்கு உடம்புக்கு ஏதும் சொகமில்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன் அண்ணே."

"அதனாலதானுங்க கேக்கறேன்."

பக்கத்தில் இருந்தவன் "இது பச்சப்புள்ளைக்கு ஊட்டுற சட்னிண்ணே" என்றான், ஏமாந்துபோன குரலில்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காளியண்ணன்தான் விளக்கினார். மூன்று மிளகாய் தொங்கினால் சட்னி சாதா. ஐந்து என்றால் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். "ஏழுன்னா, அம்மிணி, வண்டிய ஓரங்கட்டி, வீட்டுக்கு ஒரு போனைப் போட்டுப் பேசிப்போட்டுத்தானுங்க உள்ள வருவோம். ராத்திரி பூரா ஓட்டிட்டு வாரவனுக்கு உங்க ஏழு மிளகாச் சட்னியாட்டக் கண்ணத் தொறக்கற மருந்து வேற இல்லீங்க. இது நாமக்கல்லுலிருந்து தூத்துக்குடி வரைக்கும் எல்லா டிரைவருக்கும் தெரியுமே."

"இன்னைக்கு எத்தனை மிளகாய்ன்னு நினைச்சு வந்தீங்க?"

"எண்ண முடியலீங்க. பொன்னுரங்கம் உசுரோட இருக்கறாரான்னு பாக்கத்தானுங்க வந்தோம்."

அந்த நேரம் பார்த்து அவர் வந்தார், மொபெட்டில், பின்னால் காய்கறி மூட்டையோடு. தூரத்திலேயே தோரணம் தெரிந்திருக்கிறது. வண்டியைத் திருப்பினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், திருப்பினார். கொஞ்ச தூரம் போனார், நின்றார், யோசித்தார், மறுபடி திருப்பிக்கொண்டு வந்தார். அதற்கு ஒரு மார்க் போட்டுத்தான் ஆக வேண்டும்.

"எத்தன வருசமா நடக்குது இது?" என்று கேட்டேன், எல்லார் முன்னாலும்.

"கடை வச்ச மறுவருசத்துலருந்து" என்றார். "ஒரு பெரியவரு உன் சட்னியத் தின்னுட்டுப் பேச முடியாமப் போயிட்டாரு. அதுக்கப்புறம் எச்சரிக்கையா இருக்கட்டும்னுதான் கட்டினேன். அதப் பாத்துட்டு இவங்க இன்னும் அதிகமா வருவாங்கன்னு நான் என்ன கண்டேன்?"

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

நிஜமாகவே யோசித்தார், பாவம். "எந்த நாள்ல சொல்றது? ஏழு மிளகா நாள்ல சொல்ல முடியாது. மூணு மிளகா நாள்ல நீ சிரிச்சுக்கிட்டு இருக்கிற, எதுக்குச் சொல்லி அஞ்சாக்கணும்?"

லாரிக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். ஒத்துக்கொள்கிறார்களாம். நான் உள்ளே போனேன். மிச்சமிருந்த பச்சை மிளகாய் அவ்வளவையும் அம்மியில் கொட்டினேன். மாத்திரையாவது, காப்பியைக் குறைப்பதாவது. அரைத்தேன். அம்மி என்னைப் பார்த்துப் பயந்தது. கொண்டுபோய் ஆளுக்கு ஒரு கரண்டி வைத்தேன். காளியண்ணன் ஒரு வாய் வைத்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு துண்டை எடுத்து, கண் இரண்டும் குளமாக, "இது, இதுதானுங்க" என்றார். பஞ்சர் கடைக்காரர் வரைக்கும் வாங்கிப்போய்ச் சாப்பிட்டுவிட்டு அழுதார்கள். அத்தனை ஆம்பிளைகள் ஒரே நேரத்தில் அழுது நான் பார்த்ததில்லை. மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

சாயங்காலமே துணிப்பையை எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறிவிட்டேன். கிளம்பும்போது சொன்னேன்: "கோபம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? பதினெட்டு வருசத்துல ஒரு தடவ என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசியிருப்பீங்களா? இனிமே நீங்களே அரைங்க, நீங்களே கட்டுங்க, உங்க மிளகாய உலகம் எண்ணட்டும்."

அதற்கு என்ன சொன்னார்? "பஸ்ஸுல ஜன்னலோரமா உக்காரு, உனக்குக் குமட்டும்" என்றார்.

என் வருத்தம் எது என்று புரிகிறதா உனக்கு? கோகிலாவுக்குப் புரியவில்லை. ஊருக்குச் சொன்னாரே என்று இல்லை. என் கோபத்தைப் பூச்சரம் மாதிரி தொடுத்து வாசலில் மாட்டத் தெரிந்தவருக்கு, திருப்பி என்னிடம் கோபப்படத் தெரியவில்லை. சுவரோடு சண்டை போட்டால்கூடக் கொஞ்சம் எதிரொலி வரும். இந்த மனுசருக்கு நான் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று போல.

மூன்று வாரமாகத் தினமும் போன் செய்கிறார். என்ன பேசுவார் என்கிறாய்? "மாவு புளிச்சுருச்சு. சரி, வைக்கிறேன்." மறுநாள், "சிலிண்டர் வந்துச்சு. சரி, வைக்கிறேன்." போன வாரம் கோகிலாவின் வீட்டுக்காரன் அந்த வழியாக வந்தான். அவனிடம் வாசலைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். "வெறும் எலுமிச்சம்பழம் தொங்குதுக்கா. ஒரு மிளகாகூட இல்ல" என்றான். கேட்டாயா? பெண்டாட்டி விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், ஆளுக்கு ஒரு மிளகாய் அளவுக்குக்கூடக் கோபம் இல்லை.

அதனால்தான் கரூருக்கு. அங்கே ஒரு துணிக் கம்பெனி கேண்டீனில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். தங்க இடமும் உண்டு. நேற்று போனில் சொன்னேன், "நாளைக்குக் கரூர் போறேன், வேலைக்கு, இனி அங்கதான்" என்று. "ம்" என்றார். அவ்வளவுதான். "சரி, வைக்கிறேன்" என்றுகூடச் சொல்லவில்லை, வைத்துவிட்டார். மறந்திருப்பார்.

கோகிலா வேண்டாம் வேண்டாம் என்றாள். இன்றைக்குக் காலையில் அவள் வீட்டு பிரிட்ஜ் போட்ட சத்தத்தில் இருக்கவே முடியவில்லை. பெட்ஷீட்டை மடிக்கிறாள், நாலு மூலையும் சேரவில்லை, அப்படியே வைக்கிறாள். பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? சொன்னேன். "அக்கா, மாத்திரை எங்க?" என்று கேட்கிறாள். அது கடையில் அரிசி டிரம் மேல் இருக்கிறது, நான் அவசரத்தில் கிளம்பினேன், அதற்கும் பெட்ஷீட்டுக்கும் என்ன சம்பந்தம்? மோதிரம் வேறு விரலை இறுக்குகிறது. திண்டுக்கல் தண்ணீருக்கு இருக்கும்.

இதோ ரங்கமலை வந்துவிட்டது. கொஞ்சம் தலையைச் சாய்த்துக்கொள்ளம்மா, மறைக்கிறது. கணக்கு இதுதான். வெறும் எலுமிச்சம்பழம் என்றால் நான் இப்படியே கரூர். இரண்டு மிளகாய், மூன்று மிளகாய் என்றாலும் கரூர்தான். நான் இல்லாததற்கு அதைவிடக் கொஞ்சமாவது காரம் ஏறியிருக்க வேண்டாமா?

அந்தப் புளியமரம் தாண்டினால் தெரியும். பஞ்சர் கடை. அதற்கு அடுத்து. என்ன இத்தனை லாரி நிற்கிறது? யார் அது ரோட்டோரம் குனிந்து நின்று தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்கிறது? காளியண்ணன் மீசை மாதிரி இருக்கிறது. என் கண் சரியாகத்தான் பார்க்கிறதா? நீ பார். உன் கண் சின்ன வயசுக் கண். வாசலில் எலுமிச்சம்பழத்துக்குக் கீழே எவ்வளவு நீளம் தொங்குகிறது?

தரை வரைக்குமா?

கண்டக்டர், கண்டக்டர் தம்பி, நிறுத்துங்க. தெரியும், டிக்கெட் கரூருக்குத்தான். தெரியும், இங்க ஸ்டாப்பிங் இல்ல. என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்திருக்கு, நான் இறங்கணும். என்னது, எத்தனை மிளகாயா? அட, உங்களுக்கும் இது தெரியுமா? அங்க பாருங்க, நீங்களே எண்ணிக்கங்க. பார்த்தீங்களா? டிரைவர்கிட்டச் சொல்லுங்க. விசில் ஊதுங்க, நல்லா ஊதுங்க. நல்ல விசில்.

நிற்கிறது பார். அந்தப் பையை எடுத்துக் கொடு.

என்ன, போய்ச் சண்டை போடப்போகிறேனா? பைத்தியமா நீ. வாசல் பக்கமே போக மாட்டேன். பின்வழியாகப் போய், சத்தம் காட்டாமல் பாத்திரத்தை எல்லாம் கழுவிக் கவிழ்ப்பேன். ஒரு டீ போட்டு அம்மி ஓரத்தில் வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். கூப்பிட்டால் தள்ளி நின்றே "என்னங்க" என்பேன். இந்த மாதிரி நாளில் ஆளைத் தொந்தரவு செய்யக்கூடாது, எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது. இரண்டு நாளில் தானாகத் தணிந்துவிடும். இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையம்மா. எனக்கே தோன்றினதுதான்.

உன் போன் அடிக்கிறது பார், எடு. அவர் பேசாமல் இருந்தாலும் வைத்துவிடாதே. கூடவே பாத்திரம் கழுவுகிற சத்தம் ஏதும் கேட்கிறதா என்று பார்.